மணல் மூட்டையின் சாட்சி

துப்பாக்கி சுடுவதைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்ததெல்லாம் சினிமா சொல்லிக் கொடுத்ததுதான். கதாநாயகன் ஓடிக்கொண்டே ஒரு கையால் சுடுவார், தூரத்தில் ஆள் விழுவான். உண்மையான ரேஞ்சில் யாரும் ஓடுவதில்லை. தரைவிரிப்பில் குப்புறப் படுத்துக்கொண்டு, 25 மீட்டருக்கு அப்பால் அசையாமல் நிற்கும் ஒரு காகிதத்தைக் குறி வைத்து, ஐந்து தோட்டாக்களை ஒரு தீப்பெட்டி அகலத்துக்குள் போட முடியாமல் நல்ல வாட்டசாட்டமான பையன்கள் திண்டாடுவார்கள். பக்கத்திலேயே நோஞ்சானாக ஒருவன் சத்தம் காட்டாமல் போட்டுவிட்டு எழுந்து போவான்.

நான் திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளராக இருந்தவன். கூடவே என்.சி.சி. அதிகாரிப் பொறுப்பும் இருந்தது. 1981-ல் நாக்பூர் பக்கத்துக் காம்ப்டீயில் மூன்று மாதப் பயிற்சி முடித்து வந்து, அதற்குப் பின் பல வருடங்கள் மாணவர்களை ரேஞ்சுக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். அங்கே நான் பார்த்தவற்றில் மனதில் ஆழமாகப் பதிந்தது ஒன்றே ஒன்றுதான். துப்பாக்கி சுடும் வித்தையில் கண்ணுக்கும் கைபலத்துக்கும் நாம் கொடுக்கும் மரியாதையை, துப்பாக்கி எதன் மேல் தாங்கி நிற்கிறது என்பதற்குக் கொடுப்பதில்லை. அதனால் யாரோ ஒரு பையன் செய்யாத குற்றத்துக்குப் பெயர் கெட்டுப் போகிறான்.

ரேஞ்ச் நாள் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன். விடியற்காலையில் லாரி வரும். ஊருக்கு வெளியே மொட்டைப் பொட்டல், கடைசியில் குண்டு தாங்குவதற்கு உயரமான மண்மேடு. நாலு பக்கமும் சிவப்புக் கொடி. மண்மேட்டுக்கு முன்னால் மரச்சட்டத்தில் ஒட்டிய டார்கெட்டுகள். எங்களுக்குக் கொடுப்பது .22 ரைபிள். பார்வைக்கு ராணுவத்தின் பழைய .303 மாதிரியே இருக்கும், ஆனால் சின்னத் தோட்டா. ஒவ்வொரு தடவையும் கையால் ஒன்று போட்டு, போல்ட்டை மூடிச் சுட வேண்டும். ‘லேட்கர் பொசிஷன்’ என்று உத்தரவு வந்தால் படுக்க வேண்டும், ‘பர்’ என்றால் தோட்டா போட வேண்டும், ‘காலி கர்’ என்றால் காலி செய்ய வேண்டும். பாளையங்கோட்டைப் பையன்கள் இந்தியில் கற்றுக்கொண்ட முதல் வார்த்தைகள் இவையாகத்தான் இருக்கும்.

தோட்டா எண்ணிக் கொடுப்பார்கள், சுட்டபின் காலிக் கூட்டையும் எண்ணி வாங்குவார்கள். அதற்குக் ‘கோக்கா’ என்று பெயர். ஒரு கோக்கா குறைந்தாலும் மொத்தக் கூட்டமும் குனிந்து புல்லுக்குள் தேட வேண்டும். கிடைக்கும் வரை டீ கிடையாது.

ஒரு பையனுக்கு ஒரு முறைக்கு ஐந்து ரவுண்டு கிடைத்தால் பெரிது. அந்த ஐந்தை வைத்துத்தான் அவனுடைய தலையெழுத்தை நிர்ணயிப்போம். ஐந்து ஓட்டைகளும் ஒன்றை ஒன்று ஒட்டி விழுந்தால் ‘நல்ல குரூப்’. குரூப் நடுவில் விழாமல் ஓரத்தில் விழுந்தாலும் பரவாயில்லை, அது துப்பாக்கியின் குறியைச் சரிசெய்தால் போகும். குண்டு எந்தப் பக்கம் விலகுகிறதோ, குழல் நுனியில் இருக்கும் ஃபோர்சைட்டை அந்தப் பக்கமாகவே நகர்த்த வேண்டும் என்பது விதி. கேட்கத் தலைகீழாகத் தோன்றும், காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்தால் சரி என்று விளங்கும். ஆனால் ஐந்தும் ஐந்து திசையில் சிதறினால் எந்தப் பக்கம் நகர்த்துவது? அப்போதுதான் பையனைத் திட்டுவார்கள்.

சிதறுவது ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. பின்னால் இருக்கும் பேக்சைட்டுக்கும் முன்னால் இருக்கும் ஃபோர்சைட்டுக்கும் இடையில் 70 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபோர்சைட்டின் நுனி 1 மி.மீ. விலகினால், 25 மீட்டரில் குண்டு சுமார் 3.5 செ.மீ. தள்ளி விழும். நூறு மீட்டரில் 14 செ.மீ. இந்த ஒரு மில்லிமீட்டரை உண்டாக்க என்ன வேண்டும்? ஒரு மூச்சு போதும். தசையில் ஒரு நடுக்கம் போதும். நெஞ்சு தரையில் அழுந்திக் கிடந்தால் இதயத்துடிப்பே போதும்.

அந்த வருடம் எங்கள் கல்லூரியிலிருந்து சுடும் அணிக்கு ஆள் பொறுக்கிக்கொண்டிருந்தோம். இரண்டு பையன்களின் டார்கெட் ஒரே மாதிரி வந்தது. இரண்டிலும் ஐந்து ஓட்டைகள் உள்ளங்கையை விரித்து வைத்த அளவுக்குப் பரவிக் கிடந்தன. ஒருவன் மேலப்பாளையத்துப் பையன், அவன் அம்மா பீடி சுற்றித்தான் குடும்பம் நடத்தினார். பட்டாளத்தில் சேர வேண்டும் என்பது தவிர அவனுக்கு வேறு பேச்சே கிடையாது. இன்னொருவன் கொஞ்சம் வசதியான வீட்டுப் பிள்ளை, கபடியில் கெட்டிக்காரன், கை இரண்டும் உலக்கை மாதிரி இருக்கும்.

முகாமில் இருந்த அதிகாரி ஒருவர் இரண்டு காகிதத்தையும் பார்த்தார். “ரெண்டு பேர் பேரையும் அடிச்சிடுங்க” என்றார். மேலப்பாளையத்துப் பையனைப் பார்த்து, “உனக்குக் கண்ணுல ஏதோ கோளாறு இருக்கு. பட்டாளமெல்லாம் சரிப்படாது, போய்ப் படிக்கிற வழியைப் பாரு” என்றும் சொல்லிவிட்டார். பையன் ஒன்றும் பேசவில்லை. கோக்காவை எண்ணிக் கொடுத்துவிட்டு மர நிழலில் போய் உட்கார்ந்துகொண்டான். பின்னால் வரிசையில் நின்றவர்களில் ஒருவன், “ஏல, கண்ணாடி போட்டுட்டு வால” என்று கேலி செய்தான்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்த ஹவில்தார் வேலூர்ப் பக்கத்துக் கம்மவான்பேட்டைக்காரர். வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்புவதால் ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய ஊர் அது. பயிற்சி கொடுப்பவரை ‘உஸ்தாத்’ என்றுதான் அழைப்போம், வயதில் சின்னவராக இருந்தாலும் நானும் அப்படியே அழைப்பேன். அவர் அட்டென்ஷனில் நின்று சொன்னார்: “சார், பேரை அடிக்கிறதுக்கு முன்னால எனக்கு அஞ்சு ரவுண்டு குடுங்க சார். மூட்டையில வெச்சுப் பார்த்துடலாம்.”

அதிகாரி சிரித்தார். “மூட்டையில வெச்சா குழந்தைகூடச் சுடும். அதெல்லாம் ஒரு ஷூட்டிங்கா?”

“அதுக்குத்தான் சார் கேக்குறேன். குழந்தைகூடச் சுடும்னா, அப்பவும் தப்புச்சுன்னா யார் மேல சார் குத்தம்?”

அதிகாரியால் பதில் சொல்ல முடியவில்லை. ரவுண்டு கொடுக்கச் சொன்னார்.

மணல் மூட்டை வைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. உஸ்தாத் அதைச் செய்தவிதத்தை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முழுக்க நிரப்பிக் கல் மாதிரி இறுகிய மூட்டையை அவர் எடுக்கவில்லை. முக்கால் அளவு நிரம்பிய மூட்டையை எடுத்து, நடுவில் கையால் அமுக்கிப் பள்ளம் செய்தார். பழைய காலத்தில் சுமை தூக்குகிறவர்கள் தலையில் சும்மாடு வைப்பார்களே, அந்த மாதிரி. அந்தப் பள்ளத்தில் துப்பாக்கியின் முன்கட்டையை உட்கார வைத்தார். குழல் எதன் மேலும் படக்கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தார். வெடிக்கும்போது இரும்புக் குழல் அதிரும். கடினமான பொருள் மேல் அது பட்டுக்கொண்டிருந்தால், குண்டு அந்தப் பொருளுக்கு எதிர்ப்பக்கமாக விலகிப் போகும். கீழே சுவர் இருந்தால் மேலே போகும், இடப்பக்கம் மரம் இருந்தால் வலப்பக்கம் போகும். மரக்கட்டை படலாம், இரும்பு படக்கூடாது. ஸ்லிங் மாட்டும் வளையமும் மூட்டையில் முட்டாமல் பார்த்துக்கொண்டார். சுடும்போது துப்பாக்கி பின்னால் நகரும், அப்போது வளையம் மூட்டையில் இடித்தால் குழல் துள்ளும்.

பின்பக்கத்துக்கு ஒரு பழைய காலுறையில் மணல் போட்டுக் கட்டிய சின்னப் பை. அதைத் துப்பாக்கியின் அடிக்கட்டைக்குக் கீழே வைத்து இடது கையால் பிடித்துக்கொண்டார். கையை இறுக்கினால் பை உப்பி அடிக்கட்டை உயரும், குறி கீழே இறங்கும். தளர்த்தினால் குறி மேலே ஏறும். மயிரிழை அளவுக்கு நகர்த்தலாம். மைக்ரோமீட்டர் திருகைத் திருப்புவது போல இருந்தது, எனக்கு அதுதான் ஆய்வகத்தில் பழக்கமான பொருள்.

முதலில் மேலப்பாளையத்துப் பையன் சுட்ட துப்பாக்கி. உஸ்தாத்தே படுத்து ஐந்து ரவுண்டு சுட்டார். அவர் பட்டாளத்தில் பரிசு வாங்கியவர், மணல் மூட்டை வேறு. காகிதத்தைக் கொண்டுவந்தார்கள். ஐந்தும் சிதறிக் கிடந்தன. பையனுடையதைவிடக் கொஞ்சம் நெருக்கம், அவ்வளவுதான்.

அதிகாரி காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உஸ்தாத் துப்பாக்கியைக் காலி செய்து காட்டிவிட்டு, ஒரு கையால் குழலையும் மறு கையால் கட்டையையும் பிடித்து மெல்ல அசைத்தார். ‘டொக், டொக்’ என்று ஆடியது. இரும்புப் பாகத்தையும் மரக்கட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் திருகு, டிரிகர் கார்டின் முன்பக்கம் இருப்பது, கழன்றிருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் துப்பாக்கி கட்டைக்குள் ஒவ்வொரு மாதிரி உட்கார்ந்திருக்கிறது. யூனிட்டின் ஆர்மரர் அன்று ரேஞ்சுக்கு வந்திருந்தார். திருப்புளி போட்டு இறுக்கிக் கொடுத்தார். உஸ்தாத் மறுபடி மூட்டையில் வைத்துச் சுட்டார். இந்தத் தடவை ஐந்தும் பழைய ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிய இடத்துக்குள் அடங்கின.

அடுத்தது கபடிக்காரனின் துப்பாக்கி. மூட்டையில் வைத்தவுடன் முதல் ஐந்துமே நெருக்கமாக விழுந்தன. துப்பாக்கியில் குறையில்லை. அவனையே படுக்கச் சொல்லி மூட்டை மேல் வைத்துச் சுட வைத்தார். அவனுக்கும் நன்றாகவே விழுந்தது. ஆக, கண்ணும் சரி, விரலும் சரி. மூட்டையை எடுத்தால் சிதறுகிறது என்றால், மூட்டை செய்த வேலையை அவன் உடம்பு செய்யவில்லை. உஸ்தாத் அவனைப் பார்த்துச் சிரித்தார். “தம்பி, நீ துப்பாக்கிய புடிச்சிருக்கிறது கபடியில ஆள புடிக்கிற மாதிரி இருக்கு.”

வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருந்த இரண்டு காகிதங்களுக்குக் காரணம் வேறு வேறு. அதைப் பிரித்துச் சொன்னது மணல் மூட்டை. ஆய்வகத்தில் நாங்கள் செய்வதும் இதுதான். எது மாறுகிறது என்று தெரிய வேண்டுமானால், மற்றதையெல்லாம் அசையாமல் நிறுத்த வேண்டும்.

அதற்குப் பிறகு கபடிக்காரனுக்கு நடந்த பாடம்தான் நான் கேட்டதிலேயே சிறந்த வகுப்பு. உஸ்தாத் சொன்னதன் சாரம், தசை களைக்கும், எலும்பு களைக்காது என்பதுதான். தலையில் தண்ணீர்க் குடம் வைத்து இரண்டு மைல் நடக்கிற அம்மாவைப் பாருங்கள். கழுத்தும் முதுகும் நேர்கோட்டில் இருப்பதால் பாரம் எலும்பு வழியாகத் தரைக்கு இறங்குகிறது. அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னால் ஒரு பயில்வானால் ஒரு நிமிடம் நிற்க முடியாது.

படுத்துச் சுடும்போது இடது முழங்கை கூடிய மட்டும் துப்பாக்கிக்கு நேர் கீழே வர வேண்டும். பக்கவாட்டில் விலகினால் பாரத்தைத் தோள்தசை தாங்க வேண்டிவரும், அது நடுங்கும். இடது உள்ளங்கை துப்பாக்கியைத் தாங்கும் கவட்டை மட்டும்தான், விரல்கள் இறுகப் பிடிக்கக்கூடாது. அடிக்கட்டை தோள்குழியில் பதிய வேண்டும். கன்னம் ஒவ்வொரு தடவையும் கட்டையில் ஒரே இடத்தில் படிய வேண்டும், இல்லாவிட்டால் கண் வேறு கோணத்தில் பார்க்கும். வலது காலைக் கொஞ்சம் மடக்கி மேலே இழுத்தால் வயிறும் நெஞ்சும் தரையைவிட்டுச் சற்றே எழும்பும், மூச்சும் துடிப்பும் துப்பாக்கிக்குப் போவது குறையும்.

இதெல்லாம் ஆனபின் ஒரு சோதனை. “குறி வெச்சிட்டியா? இப்போ கண்ண மூடு. ரெண்டு மூச்சு வுடு. உடம்ப தளர்த்து. இப்போ தொற. குறி எங்க இருக்கு?” கபடிக்காரன் கண்ணைத் திறந்தான். “வலது பக்கம் போயிட்டு உஸ்தாத்.” “அங்கதான் உன் உடம்பு சுட விரும்புது. நீ பலவந்தமா இடது பக்கம் இழுத்துக்கினு இருக்கே. விரல் டிரிகர்ல போனதும் கவனம் அங்க போவும், உடம்பு தன் எடத்துக்குத் திரும்பிடும்.” துப்பாக்கியைக் கையால் திருப்பக்கூடாது. இடது முழங்கையை ஆணி அடித்த மாதிரி வைத்துக்கொண்டு, இடுப்பையும் காலையும் நகர்த்த வேண்டும். கண்ணை மூடித் திறந்தாலும் குறி நகராத நிலை வரும் வரை இப்படியே. அன்று அவன் ஏழெட்டுத் தடவை புழுதியில் இடுப்பை நகர்த்தினான்.

மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, ஐந்தாறு விநாடிக்குள் சுட்டுவிட வேண்டும். அதற்குள் முடியாவிட்டால் சுடாதே, மூச்சு வாங்கிவிட்டுப் புதிதாக ஆரம்பி. இழுத்துப் பிடித்தால் கண் மங்கும், உடம்பு ஆடும். அந்தத் துப்பாக்கிகளில் டிரிகருக்கு இரண்டு இழுப்பு உண்டு. முதல் இழுப்பு லேசாக வரும், பிறகு ஒரு தடை தட்டும். அந்தத் தடையிலிருந்து விரலை மட்டும் நேர் பின்னால் மெல்ல அழுத்த வேண்டும். எந்த நொடி வெடிக்கும் என்று சுடுபவனுக்கே தெரியக்கூடாது. தெரிந்தால் வெடிக்கு முன்பே தோள் சுருங்கிக்கொள்ளும்.

இதற்குத் தோட்டா செலவழிக்க வேண்டியதில்லை. காலித் துப்பாக்கியில் குழலின் நுனிப்பக்கம் ஒரு காசைப் படுக்க வைத்து, டிரிகரை அழுத்தச் சொல்வார். காசு விழாமல் ‘டிக்’ என்று சத்தம் வர வேண்டும். ஒரு வாரம் மாலையில் இதே வேலை. நூறு தடவை காசு விழுந்தது, நூறு தடவை எடுத்து வைத்தான்.

மூட்டையை எடுத்த பிறகு அதன் இடத்துக்கு வருவது ஸ்லிங். தோளில் மாட்டித் தூக்கிப் போகத்தான் அந்த வார் என்று பலர் நினைக்கிறார்கள். மேற்கையில் சுற்றி இறுக்கி, முன்கட்டைக்கு இழுத்துப் பிடித்தால் மேற்கை, முழங்கை, துப்பாக்கி மூன்றும் சேர்ந்து ஒரு முக்கோணம் ஆகிவிடும். கூரைச் சட்டத்துக்குக் கொடுக்கும் முட்டுக்கட்டை போல. பாரத்தை வார் தாங்கும், தசைக்கு வேலை இல்லை. ஆனால் மிகவும் இறுக்கினால் கையின் நாடித்துடிப்பு துப்பாக்கி நுனியில் தெரியும்.

முழங்காலிட்டுச் சுடும்போது இடது முழங்கை எலும்பின் முனையை முழங்கால் சில்லின் மேல் வைக்கக்கூடாது. உருண்டை மேல் உருண்டை வைத்தால் உருளத்தான் செய்யும். முழங்கைக்குச் சற்று மேலே உள்ள தட்டையான பகுதி முழங்காலில் படிய வேண்டும். நின்று சுடுவது எல்லாவற்றிலும் கடினம். அப்போது இடது மேற்கை விலாவிலும் இடுப்பிலும் சாய்ந்துகொள்ளும். அதுவும் எலும்பு தேடும் வேலைதான்.

பன்னாட்டுப் போட்டிகளில் மணல் மூட்டைக்கு இடமில்லை. படுத்தும் முழங்காலிட்டும் சுட ஸ்லிங் அனுமதி உண்டு, நின்று சுட அதுவும் கிடையாது. 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கிய 10 மீட்டர் ஏர் ரைபிள் நின்று சுடுவது. அதில் பத்துப் புள்ளிக்கான வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012-ல் லண்டனில் வெண்கலம் வாங்கியதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் பெயர் வாங்கியதும் இதே பிரிவில்தான். தொலைக்காட்சியில் அவர்கள் இடுப்பைக் கொஞ்சம் வளைத்துச் சாய்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். துப்பாக்கியின் பாரத்தை இடுப்பெலும்புக்குக் கொண்டுபோகும் நிலை அது. இந்த மட்டத்தில் சுடுகிறவர்கள்கூட .22 தோட்டா தேர்ந்தெடுக்கும்போது துப்பாக்கியை இடுக்கியில் பூட்டிச் சுட்டுப் பார்ப்பார்கள். எந்தப் பெட்டித் தோட்டா தன் துப்பாக்கிக்கு ஒத்துவருகிறது என்று தெரிய, முதலில் மனிதனை விலக்கி வைக்க வேண்டியிருக்கிறது.

மேலப்பாளையத்துப் பையனுக்குத் திருகு இறுக்கிய அதே துப்பாக்கியைக் கொடுத்து, அன்று மத்தியானமே ஐந்து ரவுண்டு சுடச் சொன்னார்கள். மூட்டை இல்லாமல்தான். நாலு ஒன்றாக விழுந்தன, ஐந்தாவது விரலளவு தள்ளி. அதிகாரி அவன் பெயரை மறுபடி எழுதினார், கண் கோளாறு என்று சொன்னதைப் பற்றிப் பேசவில்லை. பையனும் கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்து அவன் பட்டாளத்தில் சேர்ந்தான். முதல் லீவில் வந்தபோது கல்லூரிக்கு வந்து என்னிடம், “சார், அந்தத் திருகு நம்பர்கூட எனக்கு ஞாபகம் இருக்கு. ரைபிள் பட் நம்பர் பதினேழு” என்றான். கபடிக்காரன் அந்த வருடம் அணியில் இடம் பிடிக்கவில்லை. அடுத்த வருடம் பிடித்தான்.

இப்போது நகரங்களில் ஏர் ரைபிள் பயிற்சி மையங்கள் வந்துவிட்டன. பேரன் பேத்திகளைச் சேர்த்துவிட விரும்புகிறவர்கள் என்னிடம் விசாரிக்கிறார்கள். முதலில் பாருங்கள்: அங்கே காலித் துப்பாக்கியையும் தோட்டா இருக்கிற துப்பாக்கியாகவே பாவிக்கிறார்களா, குழல் எப்போதும் டார்கெட் பக்கமே இருக்கிறதா, சுடும் நொடி வரை விரல் டிரிகருக்கு வெளியே இருக்கிறதா? இதில் கண்டிப்பு இல்லாத இடம் வேண்டாம். அடுத்து, பிள்ளை முதல் நாள் சிதறச் சுட்டுவிட்டு முகம் வாடி வந்தால், “உனக்கு இது வராது” என்று யாரும் சொல்லவிடாதீர்கள். பயிற்சியாளரிடம் மரியாதையாக ஒன்று கேளுங்கள்: “சார், அந்தத் துப்பாக்கிய ஒரு தடவை ஸ்டாண்டுல வெச்சுச் சுட்டுப் பார்த்தீங்களா?”